உப்புத் தண்ணீரில் சிவப்பாக நிற்குமா தங்கம்?

தங்க நானோத்துகள் உணரி (மிக நுண்ணிய தங்கத் துகள்களை வைத்து ஒரு பொருள் இருக்கிறதா என்று கண்டறியும் முறை) பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைப் புரட்டினாலும் ஒரு புகைப்படம் கண்ணில் படும். வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். எல்லாவற்றிலும் ஒரே செந்நிறம், ஒன்றில் மட்டும் நீலம். நீலக் குப்பியின் கீழே பாதரசம் என்று எழுதியிருக்கும். மற்றவற்றின் கீழே சோடியம், கால்சியம், துத்தநாகம், இரும்பு. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கண் இருந்தால் போதும், தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு படம் கொடுத்துவிடும்.

படத்தைப் பார்த்த கையோடு நான் செய்முறைப் பகுதிக்குப் போய் ஒன்றைத் தேடுவேன். எந்தத் தண்ணீரில் செய்தார்கள்? பெரும்பாலும் அயனி நீக்கிய நீர். கடைசியில் உண்மை மாதிரிகள் என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் குழாய்த் தண்ணீரும் ஏதோ ஓர் ஏரித் தண்ணீரும் வரும், அதுவும் வடிகட்டி, பல மடங்கு நீர்க்கச் செய்த பிறகு. இந்தப் பதிவு முழுக்க அந்த அட்டவணையைப் பற்றித்தான்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். முனைவர் பட்டத்துக்கு உழைத்தது தங்க, வெள்ளி நானோத்துகளில். எங்கள் பக்கம் போர் போட்டால் தண்ணீர் வரும், ஆனால் நிறைய ஊர்களில் அதை வாயில் வைக்க முடியாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குடிக்கக் காவிரி கூட்டுக் குடிநீர் வர வேண்டும், இல்லாவிட்டால் கேன் வாங்க வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் காலையில் வகுப்புக்கு வருகிறார்கள்.

எம்.எஸ்சி. மாணவர்களுக்கு முதலில் தங்கக் கூழ்மம், அதாவது தங்க நுண்துகள்கள் அடியில் படியாமல் மிதக்கும் நீர்மம், செய்யக் கற்றுக்கொடுப்பேன். 1951-இல் டர்கெவிச் குழு ஆராய்ந்து, 1973-இல் ஃப்ரென்ஸ் செம்மைப்படுத்திய அதே சிட்ரேட் முறைதான். குடுவையை இராஜதிராவகத்தால் (அடர் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கழுவி, நல்ல நீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் மீதி எல்லாம் வீண். குளோரோஆரிக் அமிலம் என்ற தங்க உப்பின் ஒரு மில்லிமோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவை அளக்கும் அலகு) கரைசல் 100 மில்லி எடுத்துக் கொதிக்க வைக்கிறோம். எடை போடும்போது இரும்புக் கரண்டி கூடாது, அந்த உப்பு அதை அரித்துவிடும். விரலில் பட்டால் மறுநாள் ஊதாக் கறையாக நிற்கும். நன்றாகக் கொதித்து ஆவி சுழலும்போது 38.8 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மில்லியை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இளமஞ்சள் முதலில் வெளுத்து நிறமே இல்லாமல் போகும். காந்தக் கலக்கி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும், எதுவும் நடக்கவில்லையோ என்று தோன்றும். பிறகு சாம்பல், அதிலிருந்து ஊதா கலந்த கருமை, அது மெல்லத் தெளிந்து திராட்சைச் சாற்றின் சிவப்பு. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வொரு துகளும் சுமார் 13 நானோமீட்டர், அதற்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தங்க அணுக்கள்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? துகளில் இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஆடுகின்றன. இந்த அளவுத் துகளில் அந்த ஆட்டம் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. அது பச்சை ஒளி. பச்சையை விழுங்கிவிட்டால் கண்ணுக்கு வருவது சிவப்பு. ஒரு நல்ல சாய மூலக்கூறு விழுங்குவதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஒரு துகள் விழுங்கும். அதனால்தான் நானோமோலார் (மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் துகள் இருந்தாலே வெறும் கண்ணுக்கு நிறம் தெரிகிறது.

இரண்டு துகள்கள் தங்கள் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்துக்கு நெருங்கினால் இரண்டின் எலக்ட்ரான் ஆட்டமும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். உச்சம் 600, 650 என்று நகர்ந்துவிடும். கரைசல் நீலமாகும். நிறமாற்ற உணரிகளில் பெரும்பகுதி இந்த ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. தேடும் பொருள் வந்தால் துகள்கள் ஒட்ட வேண்டும், வராவிட்டால் விலகி நிற்க வேண்டும்.

விலக்கி வைப்பது யார்? சிட்ரேட். துகளைச் சுற்றி அது ஒரு மெல்லிய உறையாக நிற்கிறது, எதிர்மின்சுமையோடு. ஒரே சுமை கொண்டவை ஒன்றை ஒன்று தள்ளும், அவ்வளவுதான் காப்பு. உப்பைச் சேர்த்தால் சோடியம் அயனிகள் அந்தச் சுமையைச் சூழ்ந்து மறைத்துவிடும். தள்ளுவிசையின் எட்டும் தூரம் சுருங்கும், துகள்கள் நெருங்கும், நெருங்கியவை ஒட்டிக்கொள்ளும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவது போலத்தான், ஒரு முறை திரிந்ததைப் பழையபடி ஆக்க முடியாது.

ஒரு செய்முறை வகுப்பில் முதுகுளத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மேடம், இந்தச் சிவப்புத் தண்ணியில எங்க வீட்டு போர் தண்ணிய ஊத்துனா என்ன கலர் வரும்?" மறுநாள் பழைய குளிர்பானப் பாட்டிலில் எடுத்து வந்தாள். கரைந்த உப்பு லிட்டருக்கு மூன்று கிராமை ஒட்டி இருந்தது. ஒரு மில்லி கூழ்மத்தில் ஒரு மில்லி போர் தண்ணீர். பிப்பெட்டை வெளியே எடுப்பதற்குள் ஊதா, குவெட் என்ற சின்ன மாதிரிக் கலத்தை நிறம் அளக்கும் கருவிக்குள் வைப்பதற்குள் நீலம். பாதரசம் ஒரு துளியும் சேர்க்கவில்லை.

அன்றைக்கு வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டோம். அதை இங்கேயும் போடுகிறேன், இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அது. இந்தியக் குடிநீர்த் தரக்குறியீட்டின்படி பாதரசத்தின் உச்ச வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது சுமார் 5 நானோமோலார். அதே தரக்குறியீடு, வேறு நீர் ஆதாரம் இல்லாத ஊர்களுக்கு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அத்தனையும் சாதாரண உப்பு என்று வைத்துக்கொண்டால் 34 மில்லிமோலார். வகுத்துப் பாருங்கள், தேடுகிற நஞ்சைப் போல் கிட்டத்தட்ட எழுபது லட்சம் மடங்கு உப்பு அதே தண்ணீரில் இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அரசாங்கமே சொல்கிறது, ஆனால் வெறும் சிட்ரேட் உறை போட்ட தங்கத்தால் அதில் நிலைத்து நிற்பது கடினம்.

கால்சியம் வேறு இருக்கிறது. இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனி கூழ்மத்தைத் திரியவைப்பதில் சோடியத்தைவிடப் பல மடங்கு வல்லது. கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை அனுமதி, அது 6 மில்லிமோலார். சிட்ரேட் தங்கத்துக்கு அதுவே தாங்காது.

மாணவர்கள் உடனே வழி சொன்னார்கள். கடினத்தன்மை அளக்கும் தரம்பார்த்தலில் கால்சியத்தைப் பிடிக்க ஈடிடிஏ போடுவோமே, அதைப் போட்டால் என்ன? நல்ல யோசனை. ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பதைவிட இறுக்கமாகப் பாதரசத்தைப் பிடிக்கும். இடைஞ்சலை மறைக்கப் போனால் தேடும் பொருளையும் சேர்த்தே மறைத்துவிடும். குளோரைடும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் பாதரசம் தனி அயனியாக நிற்பதில்லை, குளோரைடோடு பிணைந்துதான் நிற்கிறது. உணரியின் உறையில் இருக்கும் மூலக்கூறு அதை அந்தப் பிணைப்பிலிருந்து பிடுங்கியாக வேண்டும். உப்பு துகளையும் கெடுக்கிறது, தேடும் பொருளின் உருவத்தையும் மாற்றிவிடுகிறது.

இதெல்லாம் புதிதாகத் தெரியவந்த செய்தி இல்லை. மைக்கேல் ஃபாரடே 1857-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றி உரையாற்றியபோதே, சிவப்புத் தங்க நீர்மத்தில் உப்பைச் சேர்த்தால் நீலமாவதைச் சொல்லிவிட்டார். அவர் செய்த கூழ்மங்களில் சில இன்னும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிவப்பாகவே இருக்கின்றன. பிறகு வந்த ரிச்சர்ட் சிக்மாண்டி இதையே ஓர் அளவுகோலாக மாற்றினார். 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 10 சதவீத உப்புக் கரைசல் ஒரு மில்லி ஊற்றும்போது நிறம் மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் வேண்டும்? அதுதான் தங்க எண். ஜெலட்டினுக்கு அது 0.01 மில்லிகிராமை ஒட்டி வரும், ஸ்டார்ச்சுக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல். 1925-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு. கூழ்மங்கள் பாடத்தில் தங்க எண்ணை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு, அதுதான் இன்றைய உணரி ஆய்வின் முதல் கேள்வி என்பது யாரும் சொல்லித் தெரிந்திருப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆக, உறையை மாற்ற வேண்டும். 1996-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்க்கின் குழு தங்கத்துக்கு டிஎன்ஏ இழைகளால் உறை போட்டது. கந்தக முனை வழியாக இழை தங்கத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் செய்த துகள் உப்பில் திரியாது. அதுமட்டுமா, இழைகள் இரண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கொஞ்சம் உப்பு இருந்தாக வேண்டும். 2007-இல் அதே குழு தைமின் என்ற டிஎன்ஏ எழுத்து பாதரசத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் குணத்தை வைத்து உணரி செய்தது. பாதரசம் இருந்தால் பின்னல் உறுதியாகும், பிரிக்க அதிக வெப்பம் தேவைப்படும், அந்த வெப்பநிலைதான் அளவு. அவர்கள் எட்டியது 100 நானோமோலார், அதாவது லிட்டருக்கு சுமார் 20 மைக்ரோகிராம். நம் குடிநீர் வரம்பைப் போல் இருபது மடங்கு. ஆனாலும் உப்பை எதிரியாக விட்டுவைக்காமல் முறையின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்ட அந்த யோசனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மெலமைன் கதை இன்னொரு பாடம். 2008-இல் சீனாவில் பால் பவுடரில் புரத அளவைக் கூட்டிக் காட்ட மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தார்கள். மூன்று லட்சம் அளவில் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டே தங்கத் துகளை வைத்துக் கண்டுபிடிக்கும் முறைகள் வெளிவந்தன. மெலமைனில் மூன்று அமீன் தொகுதிகள் உண்டு. அவை சிட்ரேட்டைத் தள்ளிவிட்டுத் தங்கத்தைப் பிடித்து, துகளோடு துகளை இணைக்கும், நீலம் வந்துவிடும். அந்தக் கட்டுரைகளில் நான் முதலில் பார்ப்பது நிறப் படத்தை அல்ல, பாலைத் தயார் செய்யும் பத்தியைத்தான். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஊற்றிப் புரதத்தை வீழ்த்து, மையவிலக்கியில் சுழற்று, தெளிவை எடு, வடிகட்டு, அமிலத்தன்மையைச் சரிசெய். உழைப்பெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. பாலில் இருக்கும் கேசின் துகளைப் போர்த்திக்கொண்டால் மெலமைன் எவ்வளவு இருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும், குழந்தைக்கு ஆபத்தில்லை என்று பொய் சொல்லும். போர் தண்ணீர் இல்லாத நஞ்சைக் காட்டுகிறது, பால் இருக்கிற நஞ்சை மறைக்கிறது.

உண்மையான, அழுக்கான மாதிரியில் நம்பி வேலை செய்யும் தங்க உணரி ஏற்கெனவே கோடிக்கணக்கில் விற்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை. கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த துரிதப் பரிசோதனைப் பட்டைகளிலும் பலவற்றில் தெரிந்த இளஞ்சிவப்புக் கோடு தங்கத் துகள்தான். சிறுநீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் போர் தண்ணீரையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே தங்கம் திரியாமல் இருப்பதற்குக் காரணம், துகளைச் சுற்றி எதிர்ப்புரதமும் (ஆன்டிபாடி) அதன் மேல் வேறு புரதமும் கனமான உறையாக இருப்பதுதான். நிறமாற்றத்தை அது நம்பவே இல்லை. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, ஹார்மோன் இருந்தால் ஒரு கோட்டில் குவிகிறது, இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் கோடு வேறு: அது தெரியாவிட்டால் பட்டை கெட்டுவிட்டது, முடிவை நம்பாதே என்று பட்டையே சொல்லிவிடும். ஆய்வகக் குப்பிகளில் நான் தேடிச் சலித்தது இந்த இரண்டாம் கோட்டைத்தான். தவறினால் தவறினேன் என்று சொல்லத் தெரிந்த உணரியைத்தான் ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம்.

வினையூக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே இதே உறை தலைகீழாகிவிடுகிறது. உணரிக்குக் கனமான உறை நல்லது. வினையூக்கிக்கு மேற்பரப்பு வெறுமையாக இருக்க வேண்டும், வினைப்பொருள் தங்க அணுவைத் தொட வேண்டும். 13 நானோமீட்டர் துகளில் மேற்பரப்பில் இருப்பது பத்தில் ஒரு பங்கு அணுக்கள்தான். 3 நானோமீட்டருக்குக் குறைத்தால் பத்தில் நான்கு பங்கு வரை வெளியே வந்துவிடும். சிறிதாக்கு, உறையைக் கழற்று. ஆனால் உறையைக் கழற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் வினை, 4-நைட்ரோஃபீனாலை 4-அமினோஃபீனாலாக ஒடுக்குவது. இதை உலோக நானோத்துகளுக்கான சோதனை வினையாக நிலைநிறுத்தியதில் ஐஐடி கரக்பூரில் தாராசங்கர் பால் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இளமஞ்சளான நைட்ரோஃபீனால் கரைசலில், அப்போதுதான் குளிர்ந்த நீரில் கரைத்த சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்தால் காரத்தன்மையில் அது அடர் மஞ்சளாகும். 400 நானோமீட்டரில் உயரமான உச்சம். அப்படியே விட்டால் மணிக்கணக்கில் மஞ்சளாகவே கிடக்கும். போரோஹைட்ரைடு நூறு மடங்கு மிகையாக இருந்தும் வினை நடக்காது. ஒரு சொட்டுத் துகளை விட்டதும் குவெட்டின் சுவரில் சின்னச் சின்ன ஹைட்ரஜன் குமிழ்கள். மஞ்சள் மெல்ல வெளுக்கும். திரையில் 400-இல் இருந்த மலை ஒவ்வொரு அலகீட்டிலும் தாழ, 300-ஐ ஒட்டி இன்னொரு மேடு எழும். அதுதான் 4-அமினோஃபீனால், பாராசிட்டமால் தயாரிப்பின் முந்தைய படி. 400-இல் உள்ள உச்சத்தின் உயரத்துக்கு மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், சாய்வு வேகத்தைச் சொல்லும்.

கவனித்துப் பார்க்கிற பிள்ளைகள் ஒன்றைக் கேட்பார்கள்: துகளை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கோடு அசையாமல் கிடக்கிறதே, ஏன்? துகளின் மேற்பரப்பு தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் நேரம் அது என்று ஒரு விளக்கம். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முதலில் தீர வேண்டியிருக்கிறது என்று இன்னொரு விளக்கம். நைட்ரஜன் வாயுவைச் செலுத்திவிட்டுச் செய்தால் அந்தக் காத்திருப்பு சுருங்குவதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு இரண்டாவதன் பக்கம் சாய்வு அதிகம்.

இந்த வினை ஒரு நல்ல அளவுகோல். அதை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாயப்பட்டறைக் கழிவையும் பூச்சிமருந்துக் கழிவையும் சுத்தம் செய்ய இதோ வழி என்று முடிவுரை எழுதுவதை நான் ஏற்பதில்லை. நைட்ரோஃபீனால் போனது சரி, அமினோஃபீனால் அதே தண்ணீரில்தானே இருக்கிறது? அதுவும் தீங்கற்ற பொருள் அல்ல. விலை உயர்ந்த போரோஹைட்ரைடை நூறு மடங்கு மிகையாக எந்த வாய்க்காலில் யார் கொட்டுவது?

உண்மையான வினையூக்கத்துக்கு ஜப்பானின் ஒசாகாவில் நடந்த கதையைச் சொல்ல வேண்டும். தங்கம் மந்தமான உலோகம், வினையூக்கத்துக்கு லாயக்கில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். மசடாகே ஹருட்டா 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், இரும்பு, கோபால்ட் ஆக்சைடுகள் போன்றவற்றின் மேல் 5 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களைப் பதித்தால், கார்பன் மோனாக்சைடு பூஜ்ஜியத்துக்குக் கீழே 70 டிகிரியிலேயே எரிந்து கார்பன் டை ஆக்சைடாவதைக் காட்டினார். உறை இல்லாமல் துகள்களை விலக்கி வைப்பது எப்படி என்ற கேள்விக்கு அவருடைய விடை, தரையோடு சேர்த்துப் பிடித்து வைப்பது. அந்தத் தரையும் சும்மா இருப்பதில்லை. தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் விளிம்பில்தான் வினை சுறுசுறுப்பாக நடக்கிறது. மற்ற வினையூக்கிகள் பல ஈரத்தில் செயலிழக்கும், இதற்கோ ஈரம் உதவுகிறது. 1992-இல் ஜப்பானியக் கழிவறைகளில் துர்நாற்றம் நீக்கும் சாதனமாக இது சந்தைக்கு வந்தது.

அதிலும் எங்கள் பழைய எதிரி உண்டு. குளோரோஆரிக் அமிலத்திலிருந்து செய்வதால் குளோரைடு தங்கிவிடும். அதை வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி வெளியேற்றாவிட்டால், சூடாக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வினையூக்கம் படுத்துவிடும். பலருடைய முதல் முயற்சிகளில் தங்கம் மந்தமாகவே இருந்ததற்குக் கழுவாத குளோரைடும் ஒரு காரணம். ராமநாதபுரத்துப் போர் தண்ணீரில் உணரியைக் கெடுத்த அதே அயனிதான்.

குளோரைடு மண்டிய சூழலிலேயே தங்கம் ஜெயித்த இடமும் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு பெயர் இணைந்த கிரகாம் ஹட்சிங்ஸ், அசிட்டிலினையும் ஹைட்ரஜன் குளோரைடையும் சேர்த்து வினைல் குளோரைடு செய்யும் வினைக்குத் தங்கம்தான் சிறந்த வினையூக்கி என்று 1985-இல் முன்கூட்டியே சொன்னார். சீனாவில் நிலக்கரியிலிருந்து பிவிசி செய்யும் ஆலைகள் அதுவரை நம்பியிருந்தது மெர்குரிக் குளோரைடை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை அந்தப் பயன்பாட்டை ஒழிக்கச் சொன்ன பிறகு, தங்கம் ஆலைக்குள் வந்தது. அங்கே வேலை செய்வது துகள்கூட இல்லை, கார்பன் மேல் தனித்தனியாகப் பதிந்த தங்க அயனிகள் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தண்ணீரில் பாதரசத்தைக் கண்டுபிடிக்கத் தங்கத்தைப் பயன்படுத்துவதைவிட, பாதரசம் தண்ணீருக்கே வராமல் தடுக்கத் தங்கத்தைப் பயன்படுத்துவது எனக்கு மேலாகப் படுகிறது.

நம் ஊரில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கையால் செய்தவர் சென்னை ஐஐடி பேராசிரியர் தலப்பில் பிரதீப். 2003-இல் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்து நாடே அமளிதுமளியானது நினைவிருக்கும். அதே ஆண்டு அவருடைய குழு, கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற ஹாலோகார்பன்களை வெள்ளித் துகள்கள் உடைத்து, உலோக ஹாலைடாகவும் கார்பனாகவும் ஆக்கிவிடுவதை வெளியிட்டது. தங்கத் துகளால் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைக் கண்டறிவதையும் நீக்குவதையும் பற்றிய கட்டுரையும் அதே 2003-இல்தான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த அந்த மருந்தை உச்ச நீதிமன்றம் தடை செய்ய 2011 ஆகிவிட்டது. 2007-இல் பிரதீப் குழுவின் இந்த நானோத்துகள் வேதியியல் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. பிறகு ஆர்செனிக்கை நீக்க இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு கலவை, அம்ரித் என்ற பெயரில்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது வெளிவந்த கட்டுரைகளின் எண்ணிக்கை இல்லை. வடிகட்டிக்குள் போகிற பொருள் பிசுக்குப் படிந்த, உப்பும் சிலிக்காவும் கலந்த, ஊருக்கு ஊர் மாறும் தண்ணீரைச் சந்தித்தாக வேண்டும், அதுவும் வடிகட்டியின் ஆயுள் முழுக்க. அந்தத் தேர்வை எழுதி வெளியே வந்த வேதியியல் அது.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது வரிசையை மாற்றிவிட்டோம். புது உறை எதுவானாலும் பாதரசமோ ஈயமோ காட்டுவதற்கு முன்னால் முதல் சோதனை உப்பு. சிக்மாண்டி செய்தது போலவே, நிறம் அசைகிறதா என்று பார்ப்போம். அதைத் தாண்டியது போர் தண்ணீருக்குப் போகும். அதையும் தாண்டினால்தான் நஞ்சு சேர்த்துப் பார்ப்போம். நிறைய உறைகள் முதல் கட்டத்திலேயே விழுந்துவிடுகின்றன. கந்தக முனை கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீளச் சங்கிலி மூலக்கூறு நன்றாகத் தாங்குகிறது, ஆனால் தாங்குகிற உறை எதையும் உள்ளேயும் விடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் இப்போது ஒரு மாணவியின் ஆய்வேடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரை, காரைக்குடி, திருச்சி, சென்னை என்று எங்கே நீர் உணரிகளில் வேலை செய்கிறவர்களாக இருந்தாலும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உண்மை மாதிரி அட்டவணைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எழுதுங்கள். முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானைப் பக்கத்துப் போர்களிலிருந்து எடுத்து, கடத்துதிறன், கடினத்தன்மை, குளோரைடு, அமில காரத்தன்மை எல்லாம் அளந்து, பாட்டிலில் ஒட்டி அனுப்புகிறோம். உங்கள் உணரி அதில் விழுந்தாலும் அந்த முடிவை எங்களுக்குச் சொல்லுங்கள். மாணவர்கள் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், அதில் எந்த உறை எந்தத் தண்ணீரில் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்.